தரையில் நடந்த ஆண்டு

1938 டிசம்பர் முதல் சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, பியூலா கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழு மார்ஷ் ஃபெரி நகரத்து மெயின் தெருவில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடந்து போனது. குழுவில் நாற்பத்து மூன்று பேர். எழும்பியது நாற்பத்திரண்டு பேர். கடைசி வரிசையில் பெரிய டிரம் அடித்த லெவாண்டர் பெட்டிஃபோர்ட் மட்டும் உலகத்தாரைப் போலத் தரையில் நடந்தான். அன்று ஜார்ஜியாவில் பருத்தி ராத்தல் எட்டரை சென்ட் விற்றது. வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை.

இது ஏதோ ஒரே நாளில் நடந்துவிட்ட காரியம் என்று நினைத்தால் தப்பு. அந்த நகரத்துக் கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் மேயரின் கார் முதலில் போகும், பிறகு வெள்ளைக்காரப் பள்ளிகளின் பேண்டுகள், பிறகு அழகுராணி, பிறகு ஷெரீஃபின் எட்டுக் குதிரைகள். குதிரைகளுக்குப் பின்னால், கடைசியாக, கறுப்பர்களின் பியூலா. 1909இலிருந்து அப்படித்தான். யார் யோசனை என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்கவேண்டிய அவசியமும் இல்லை. குதிரை வயிற்றுக்கு ஊர்வலம், பண்டிகை என்றெல்லாம் தெரியுமா? தெரு நெடுக லத்தி போட்டுக்கொண்டே போகும். அதை மிதிக்காமல் வாசித்துக்கொண்டு நடக்க வேண்டுமானால் முழங்காலை மார்வரை தூக்க வேண்டும். பியூலா பையன்கள் தூக்கினார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து, அடடா என்ன ஸ்டைல் என்று கை தட்டினார்கள். ஸ்டைலாம், ஸ்டைல்! இருபத்தொன்பது வருடம் மேலே போய் மேலே போய்ப் பழகிய கால்கள், முப்பதாவது ஊர்வலத்தில் கீழே வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கல்லூரிக்குள் யாரும் பெரிதாகத் திகைக்கவில்லை. அடிமைத்தளையிலிருந்து வந்தவர்கள் ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் ஆரம்பித்து, மாணவர்களே மண் பிசைந்து செங்கல் சுட்டு எழுப்பிய கல்லூரி அது. நகரத்தில் அறுபது வயது ஆளையும் ‘பையா’ என்று கூப்பிடுவார்கள் என்பதால், கல்லூரி வாசலுக்குள் நுழைந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கும் மிஸ்டர், மிஸ் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது அங்கே சட்டம், கூட்டாளிகளுக்குள் மட்டும் விலக்கு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சாண் உயரம் ஒரு பெரிய அதிசயமா?

லெவாண்டருக்கு மட்டும் அது பெரிய விஷயமாக இருந்தது. குத்தகைக்குப் பருத்தி போடும் குடும்பத்தின் நான்காவது பிள்ளை, ரசாயனம் இரண்டாம் வருடம். வயிற்றுக்கு முன்னால் டிரம் தொங்கியதால் தன் கால் அவனுக்குத் தெரியாது. ஆனால் முன்வரிசைக்காரர்களின் குதிகால்கள் தன் முழங்காலை நெருங்கி எழும்பியதை ஓரக்கண்ணால் பார்த்தான். தன் பூட்ஸ் லத்தியில் சொதக்கென்று புதைந்ததையும் உணர்ந்தான். அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் டிரம்பெட் வாசிக்கும் ஃபிலாண்டர் கிப்ஸ் பொரித்த கெளுத்தி மீனை மென்றுகொண்டே விசாரித்தான்.

“என்ன மாப்ளே, கீழ்நாட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

“வாய மூடிட்டுத் தின்னுடா.”

“கோச்சுக்காத. ஆனா கொஞ்சம் தள்ளி உக்காரு, வாடை மீனைத் தாண்டி வருது.”

கூடமே சிரித்தது. லெவாண்டரும் சிரித்தான். பிறகு தாங்க முடியாமல் கேட்டான். “சரி, எப்படிடா இருந்துச்சு?”

ஃபிலாண்டர் மெல்லுவதை நிறுத்தினான். “எப்படிச் சொல்றது… ஆத்துல இடுப்பளவு தண்ணில நிப்பமே, அந்த மாதிரி. ஆனா நனையல.” அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருடம் முழுக்க லெவாண்டர் அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தான்.

எழும்ப என்ன வழி என்று எல்லோரும்தான் முயன்று பார்த்தார்கள். கால்பந்து மைதானத்தில் முழங்காலைத் தூக்கித் தூக்கி நடந்தார்கள், ஒரு விரற்கடை கூட எழும்பவில்லை. விவசாயப் பிரிவிலிருந்து நான்கு கோவேறு கழுதைகளை ஓட்டி வந்து முன்னால் நடக்கவிட்டார்கள். அவை கல்லூரிக் கழுதைகள், மரியாதை தெரிந்தவை, வழியில் ஒன்றும் போடவில்லை. ஆக, அந்தத் தெருவில் அந்தக் குதிரைகளுக்குப் பின்னால்தான் அது நடக்கும் என்பது தெளிவாகிவிட்டது.

இதற்குள் அட்லாண்டா பத்திரிகைகளில் சேதி வந்து, 1939 டிசம்பருக்கு மார்ஷ் ஃபெரியில் ஓட்டல் அறை ஒன்றுகூட மிச்சமில்லை. ஊர்வலக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. வழக்கம்போல் குதிரைகளுக்குப் பின்னால் வரவும், இந்த வருடம் எட்டுக்குப் பதினாறு குதிரைகள் ஏற்பாடு செய்திருக்கிறோம், என்று. பேண்டு மாஸ்டர் புரொபசர் கெய்தர் அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“ஜென்டில்மென், நம்மள விட்டா அவங்களுக்கு இப்ப ஊர்வலமே இல்ல. முன்னால விட்டா வர்றோம், இல்லேன்னா வரலேன்னு சொல்லலாம். முன்னால போனா பறக்க மாட்டோம். பின்னால போனா பறக்கலாம். முடிவு உங்களோடது.”

பியூலா பேண்டில் முடிவெடுக்கக் கை தூக்குவதில்லை. கையைத் தூக்கு என்ற சொல்லை ஷெரீஃபிடம் போதுமான அளவு கேட்டாயிற்று, உள்ளேயும் எதற்கு என்பது பழைய மாணவர்கள் வைத்த வழக்கம். சம்மதிப்பவன் தன் வாத்தியத்தில் ஒரு சுரம் வாசிப்பான். புல்லாங்குழலில் தொடங்கி ஒவ்வொருவராக வந்து, கடைசியாகப் பெரிய டிரம் ஒரு அடி அடித்தால்தான் தீர்மானம். அடிக்காதவனை யாரும் நெருக்கக் கூடாது. அன்று, ‘முன்னால், இல்லையென்றால் இல்லை’ என்பதற்கு நாற்பத்திரண்டு சுரங்கள் வரிசையாக ஒலித்தன. பெரிய டிரம் ஒலிக்கவில்லை.

“நீங்கள்லாம் போய்ட்டு வந்துட்டீங்க,” என்றான் லெவாண்டர். “நான்?”

கேட்டது நியாயம்தானே. பதினொரு நாள் டிரம் மூலையில் கிடந்தது. ஃபிலாண்டர் கேலியை நிறுத்திவிட்டான், அதுதான் லெவாண்டருக்கு அதிகமாக வலித்தது. பன்னிரண்டாம் நாள் காலை சலவைக் கூடத்துக்குப் போனான். ஜெரூஷா என்ற மாணவி படிப்புச் செலவுக்காக அங்கே பேண்டு உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“மிஸ்டர் பெட்டிஃபோர்ட், நீங்க ஏன் அடிக்கலேன்னு நான் கேக்கல,” என்றாள்.

“கேட்டாலும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, மிஸ் ஜெரூஷா. எனக்குப் பறக்கணும். ஒரே ஒரு தடவ.”

“எனக்குந்தான் பறக்கணும். பொண்ணுன்னு என்னை பேண்டுலயே சேக்கல.” அவள் ஒரு காலரைத் திருப்பிப் போட்டாள். “இந்த ரெண்டு உடுப்பும் தையக்கடைல பட்டன் வைக்கணும். டவுனுக்குப் போறீங்களா?”

போனான். தையல் கடைக்குப் பின்சந்து வழியாகத்தான் அவனைப் போன்றவர்கள் போக வேண்டும். சந்தின் மறுபக்கம் ஷெரீஃபின் குதிரை லாயம். பதினாறு குதிரைகளுக்கும் இரண்டு சவாரிக்காரர்கள் வெல்லப்பாகு கலந்த தவிட்டை வாளி வாளியாக ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இவ்ளோ போட்டா வயிறு பிச்சுக்கும்டா,” என்றான் ஒருவன்.

“பிச்சுக்கட்டும். எவ்ளோ போடுதோ அவ்ளோ உசரம் போவானுங்க. கமிட்டி ஆர்டர்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புக்கூட இல்லை, சந்தைக்குக் கோழி வளர்ப்பவனின் சிரிப்பு. லெவாண்டர் உடுப்புகளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அப்போதும் பறக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆசை ஒரு துளி குறையவில்லை, அதுதான் கொடுமை. பட்டன் வைத்து வாங்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து திரும்பினான். நேரே வாத்திய அறைக்குப் போய், யாரையும் கூப்பிடாமல், டிரம்மை ஒரு அடி அடித்தான். அது சமையல்கட்டு வரை கேட்டது. ரசாயன வகுப்பில் உட்கார்ந்திருந்த ஃபிலாண்டர் பேனாவைக் கீழே வைத்தான் என்கிறார்கள்.

ஓட்டல் அறைகளெல்லாம் நிறைந்துவிட்டதால் கமிட்டிக்கு வேறு வழியில்லை, முன்னால் விடச் சம்மதித்தது. 1939 டிசம்பர் முதல் சனிக்கிழமை பியூலா பேண்டு மேயரின் காருக்கும் முன்னால் போனது. பதினாறு குதிரைகளும் வெகு பின்னால் வந்து, சாப்பிட்டதற்கு ஏற்றபடி நடந்துகொண்டன. பேண்டில் ஒருவரும் எழும்பவில்லை. மெயின் தெருவில் செங்கல் பாவியிருக்கிறது என்பது முப்பது வருடம் கழித்து அன்றுதான் பியூலாவின் கால்களுக்குத் தெரிந்தது. நடைபாதையில் நின்ற வெளியூர்க் கூட்டம், “ஏமாத்துறானுங்க! பறங்கடா!” என்று கத்தியது. வேர்க்கடலைத் தோல் பறந்து வந்தது. லெவாண்டர் அடித்துக்கொண்டே அழுதான், கண்ணைத் துடைக்கக் கை இல்லை. நாவிதர் கடை முனையில், கறுப்பு மக்கள் நிற்க அனுமதித்த இடத்தில், ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் தோளை உலுக்கினாள். “நடக்குதுங்கடி! அய்யோ பாருடி, நம்ம பிள்ளைங்க நடக்குதுங்க!”

லெவாண்டர் படிப்பை முடித்து, ஜெரூஷாவைக் கட்டிக்கொண்டு, அதே கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் ரசாயனம் கற்பித்தார். பேண்டு அதற்குப் பிறகு ஒருமுறையும் எழும்பவில்லை. பறக்காமல் போனதில் வருத்தமா என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு முதலாண்டு மாணவி கேட்பாள். “ஆமா மிஸ், ரொம்ப வருத்தம்,” என்பார், சுற்றி வளைக்காமல். கல்லூரி நாட்குறிப்பில் இரண்டு நாட்களும் இருக்கின்றன. பேண்டு பறந்த நாளில் மாலை நாலு மணிவரை வகுப்பு உண்டு. நடந்த நாளுக்கு விடுமுறை.