உதறினாரா, உதறவில்லையா?

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மின்விசிறி நின்றுபோன ஒரு மதியம், நாட்டிலேயே இன்று அதிக வெப்பம் எங்கள் ஊரில்தான் என்று செய்தியில் சொன்னார்கள். இதையெல்லாம் யார் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் என்று வாய்விட்டுத் திட்டினேன். அவ்வளவுதான், இவள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் தகதகவென்று எரிந்த அந்த... (வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.)

2

இவள் வானிலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எல்லா நிலையங்களின் அளவுகளையும் சரிபார்த்து, மிகச் சூடான ஊர் எது, மிகக் குளிர்ந்த ஊர் எது என்று மாலை அறிக்கையில் ஏற்ற வேண்டும். குளிரைப் பற்றி யாரும் சண்டைக்கு வருவதில்லை.

இன்று ஓர் ஊரில் நாற்பத்தேழு புள்ளி ஒன்று. நேற்றும் அங்கே அதே நாற்பத்தேழு புள்ளி ஒன்று. பக்கத்து ஊர்களிலோ மேகம் வந்து, ஒரு டிகிரிக்கு மேல் இறங்கியிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. அங்கே அளவெடுப்பவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நேத்து அளவு பாத்துட்டு தெர்மாமீட்டர உதறினீங்களா?"*

"உதறியிருப்பேம்மா."

"உதறினீங்களா, உதறியிருப்பீங்களா?"

"இந்த வெயில்ல மண்டை காயுது. அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

(* உச்ச அளவு காட்டும் தெர்மாமீட்டரில் ஏறிய பாதரசம் தானாக இறங்காது. தினமும் உதற வேண்டும். மறந்தால் இன்றைக்கும் நேற்றைய வெயிலையே காட்டும்.)

3

இதில் என்ன தலைபோகிற காரியம் என்பீர்கள். அதற்காகத்தான் அவளுடைய தம்பியை அதே ஊரில் கொண்டுபோய் வைத்தேன். தார்ச்சாலை போடுகிறான், நேற்று மயங்கி விழுந்தான். இரண்டு நாள் தொடர்ந்து நாற்பத்தேழைத் தொட்டால் மறுநாள் சாலை வேலைக்குத் தடை, கூலி உண்டு. (ஒரு நாள் மட்டும் தொட்டால்? வேலைதான். இந்தச் சட்டத்தை எழுதியவர் அறையில் ஏசி ஓடியிருக்கும்.)

4

முடிவு ஒன்று: அளவை ஏற்கிறாள். தம்பி நிம்மதியாகத் தூங்குகிறான். அடிக்காத வெயில் நாட்டின் கணக்கில் ஏறுகிறது.

முடிவு இரண்டு: சந்தேகம் என்று நிறுத்திவைக்கிறாள். தம்பி காலையில் வேலைக்குப் போகிறான், மதியம்... (இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.)

முடிவு மூன்று: நாளைக்கு விடியும்போதே மழை கொட்டுகிறது, தார் வேலை தானாக நின்றுவிடுகிறது. இதை எழுதியதும் அவள் என் மேல் பாய்ந்தாள்.

"நீங்க பெய்யாத மழையப் பெய்ய வெப்பீங்க. நான் மட்டும் அடிக்காத வெயில எழுதக் கூடாதா?"

"கதை வேறம்மா, கணக்கு வேற."

"உங்களுக்குக் கதை. எனக்குத் தம்பி."

சே, இப்படி ஒருத்தியை எதற்குத்தான் எழுதினேனோ.

5

அறிக்கை போகும் நேரம். போன் அடித்தது.

"அக்கா, தடை வந்துடுச்சா? நாளைக்கு வருவியான்னு மேஸ்திரி கேக்கறாரு. எனக்கு இன்னும் தலை சுத்துது."

அவள் போனை என்னிடம் நீட்டினாள். நான் உங்களிடம் நீட்டுகிறேன். ஏன், கை பின்னால் போகிறது? இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து படித்தீர்களே. பேசுங்கள், அவன் லைனில் இருக்கிறான்.