ஹெரால்டுக்கு நான் கட்டிய பிரேக்

ஓடைப்பட்டியில் ஆயில் எஞ்சின் மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. எழுபத்து மூன்றாம் வருஷம் என் தங்கை பூமாரியின் புருஷன் கர்ணன், சோழவரம் பந்தயத்தில் ஓட்டப்போவதாக ஒரு பழைய ஹெரால்டு காரை வாங்கி வந்து திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தினார். கார் வேலை எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினோம். பின் சீட்டைக் கழற்றி எறிந்தோம். முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி வண்டியைத் தாழ்த்தினோம். சைலன்சரை அறுத்ததும் அது போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கர்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசியில் பிரேக் வேலை. பம்புசெட்டில் எந்தச் சாமானையும் மண்ணெண்ணெயில் அலசாமல் நான் மாட்டியதில்லை. சுத்தத்துக்குப் பேர் போனவன் ஆயிற்றே. பிரேக்குக்கு வாங்கிய புது ரப்பர்களையும் அப்படியே ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, துடைத்து மாட்டினேன்.

மறுநாள் கர்ணன் ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார்.

"மச்சான், பிரேக் சும்மா கப்புனு கடிக்குது. காலை எடுத்தாலும் விட மாட்டேங்குது."

சக்கரத்தைத் தொட்டேன். சுட்டது.

"புதுசுல்ல மாப்ள, போகப் போகச் சரியாயிரும்" என்றேன். மனசுக்குள் என்னவோ உறுத்தியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். காரைக் காணோம். பூமாரி தூக்குவாளியில் காப்பி கொண்டுவந்தாள்.

"அவுக அப்பவே போடிமெட்டுக்குப் போயிட்டாகண்ணே. இறக்கத்துல ஓட்டிப் பாக்கணுமாம்."

மண்ணெண்ணெய்த் தட்டில் மிஞ்சிப்போன ரப்பர் ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. அழுத்தினால் நகம் இறங்கியது. பிரேக் ஏன் விடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மாட்டிய ரப்பரெல்லாம் உள்ளே உப்பிப்போய் இறுகிக் கிடக்கின்றன. மலை இறக்கத்தில் சக்கரம் உரசி உரசிச் சூடேறும். பிரேக் எண்ணெய் கொதிக்கும். அதன்பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

"என்னண்ணே, மூஞ்சி இப்பிடி வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல ஆத்தா."

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனேன். மலையடிவாரத்து முந்தல் தாண்டி மூன்றாவது வளைவில் கூட்டம் நின்றது. கார் பாறையில் முட்டி மடங்கியிருந்தது. முன் சக்கரத்தில் இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. ஏலக்காய் ஏற்றிப்போகும் ஜீப்காரர்கள் கர்ணனைச் சாக்கு விரித்துக் கிடத்தியிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவர் உதடு அசைந்தது. "வேகமா வந்துட்டேன் மச்சான். என் தப்புதான்."

ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்களில் ஒருவர், வண்டி வேலை யார் செய்தது என்று கேட்டார். பூமாரி தலையை நிமிர்த்தினாள்.

"எங்கண்ணன் பிரேக்க நல்லாத்தான் கட்டிக் குடுத்துச்சு. இவுகதான் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டாக."

என் தங்கை என்னைக் காப்பாற்றிய அந்த நிமிஷத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. வந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.