வெல்லம் போடாத காப்பி

காப்பிங்கறது ஆளுக்கொரு விதமுங்க. சோளக்காட்டுச் சந்தையில பதினஞ்சு வருசமா அடுப்பு வெச்சிருக்கறவ சொல்றேன், கேட்டுக்கோங்க. மொளகு மூட்டை சொமந்துட்டு வர்ற ஆளுக்கு வெல்லம் தூக்கலா இருக்கோணும், தம்ளரைத் தொட முடியாத சூடு இருக்கோணும். கெழங்கு விக்க வர்ற பொம்பளைங்க ஒரு காப்பிய ரெண்டாக்கி ஊத்தச் சொல்லிட்டு, ரெண்டு தம்ளரும் ஏன் நெறையலைன்னு சண்டைக்கு வருவாளுங்க. எங்க ஊர்க்கவுண்டருக்கு ஆத்தி ஆத்தி நொரை கட்டோணும். நொரை இல்லீன்னா குடிக்க மாட்டாரு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. அவரு மூஞ்சிக்கு அந்த நொரை ஒன்னுதான் கொறைச்சல்.

எனக்கு எதுத்தாப்புல அமீர் பாஷா பாய் கடை. அடிவாரத்துல இருந்து பால் டின்னும் அஸ்கா சக்கரையும் சொமக்க வெச்சு மேல கொண்டாந்து பால்காப்பி போடுவாரு. பால் குடிக்கோணும்னு நெனைக்கறவன் உங்க கடைக்கு வாரான், காப்பி குடிக்கோணும்னு நெனைக்கறவன் என்ற கடைக்கு வாரான்னு அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன். "உன் வாய்க்குப் பயந்துதான் பாதிப் பேரு எங்கிட்ட வாரான் அத்தாயி"ம்பாரு அவரு. நல்ல மனுசன். ஆனாலும் அவரு காப்பி காப்பியில்லீங்க.

எனக்குக் காப்பி தெரிஞ்சது துரை பங்களாவுல. கல்யாணமான ரெண்டாம் வருசமே என்ற ஊட்டுக்காரரு காச்சல்ல போய்ச் சேந்துட்டாரு. புள்ளையும் இல்ல, பொறந்தவங்களும் இல்ல. பங்களாக் குசினியில காப்பிக் கொட்டை வறுத்து இடிக்கற வேலைக்குப் போனேன். துரை சீமைக்குப் போனதும் பங்களாவைப் பூட்டிட்டாங்க. நான் சந்தையில அடுப்பு வெச்சேன், கடைக்குப் பொறத்தாலயே ஒரு குடுசையும் போட்டுக்கிட்டேன்.

சந்தை வாரத்துல ஒரு நாளுங்க. அன்னைக்கு என்ற வாய் மூடாது. மீதி ஆறு நாளும் பேசறதுக்கு ஆளில்ல. அடுப்புகிட்ட சண்டை போடுவேன், வெறகை வைவேன். என்ற கொரலு எனக்கே கேக்கோணுமேன்னு பண்றதுதான். சனம் என்னை வாயாடிங்குது. ஆறு நாள் பேச்சை ஒரே நாள்ல பேசுனா வேற எப்படி இருக்கும்?

அர்த்தனாரி வந்தது நான் கடை போட்ட மறு வருசம். பெரக்கரை நாட்டு ஆளு, மொளகு கொண்டாருவாரு. பலகையில ஓரமா உக்காந்து, "வெல்லம் போடாம ஒரு காப்பி குடு புள்ள"ன்னாரு.

"கசாயம் வேணுமுன்னா வைத்தியரு ஊட்டுக்குப் போங்க"ன்னேன்.

சிரிச்சாருங்க. எங்கிட்டப் பேச்சு வாங்குனவன் எவனும் சிரிச்சதில்ல. குடுத்தேன். பாலும் இல்லாம, வெல்லமும் இல்லாம, கன்னங்கரேல்னு இருந்ததை மொடக்கு மொடக்காக் குடிச்சாரு. "வெல்லம் போட்டா வெல்லந்தான் நாக்குல நிக்குது. நீ வறுத்த வறுப்பு தெரியறதில்ல"ன்னாரு. கொட்டை எந்தப் பதத்துல எறக்கினேன்னு இந்த மலையில ஒருத்தன் கவனிச்சானா? அன்னைக்கே என்ற மனசு அவருகிட்டப் போயிருச்சு. ஒளிச்சு வெச்சு என்ன ஆகப்போகுது, சொல்லிட்டேன்.

அஞ்சு வருசம் சந்தை தவறாம வந்தாரு. நெம்பப் பேச மாட்டாரு. நான் சந்தையையே வஞ்சுட்டு இருப்பேன், அவரு பலகையோரத்துல இருந்து கேட்டுட்டு இருப்பாரு. அவருக்குன்னு தனியா ஒரு பித்தளைத் தம்ளரு. மழையில பாதை அடைச்சு அவரு வராத நாள்ல, அவருக்கு வடிச்சதை நானே குடிச்சுப் பாப்பேன். வாய்ல வெக்க முடியாதுங்க, அப்படியொரு கசப்பு. ஆனாலும் குடிப்பேன்.

எங்க மலையில ஒரு பழக்கம் இருக்குதுங்க. அதைச் சொன்னாத்தான் மேல சொல்றது வெளங்கும். பொண்ணு கேக்க வர்றவங்க வாயால கேக்கறதில்ல. வெத்தலைபாக்கை வெச்சுட்டு உக்காந்துக்குவாங்க. பொண்ணு ஊட்லயும் வாயால பதில் சொல்றதில்ல. ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து குடுப்பாங்க. வெல்லம் கரைச்ச தண்ணின்னா சரின்னு அர்த்தம். வெறுந்தண்ணின்னா இல்லைன்னு அர்த்தம். வெறுந்தண்ணி வந்தா குடிச்சுட்டு, வெச்ச வெத்தலைய எடுத்துட்டுச் சத்தமில்லாமப் போயிரோணும். அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் அந்தப் பேச்சையே எடுக்கப்படாது. யாருக்கும் மானக்கேடில்ல, சண்டையில்ல. தாலி அறுத்தவளும் மறுக்கா கட்டிக்கலாம். அவளுக்கும் இதே செம்புதான்.

ஒரு சந்தை நாளுங்க, தைமாசம். அர்த்தனாரி அவரு தாய்மாமன் குழந்தைசாமியைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. துவைச்ச வேட்டி, எண்ணெ வெச்ச தலை. எனக்கு அப்பவே கையும் ஓடலை, காலும் ஓடலை. பெரியவரு மடியில இருந்து வெத்தலைபாக்கை எடுத்துப் பலகை மேல வெச்சாரு. ஒன்னும் பேசலை.

அட சாமி! அஞ்சு வருசமா எந்த நாளு எந்த நாளுன்னு இருந்தேனே, அது வந்துருச்சு. ஊட்ல பெரியவங்க இருந்தா அவங்க செம்பு கொண்டாருவாங்க. எனக்கு யாரு இருக்கா? நான்தான் பொண்ணு, நான்தான் பொண்ணு ஊட்டுக்காரி.

கடைக்கு வந்தவங்களை வெறுங்கையா உக்கார வெக்க முடியுமா? மொதல்ல காப்பியக் குடுப்போம், அவங்க குடிக்கறதுக்குள்ள குடுசைக்குள்ள போய் வெல்லத்தண்ணி கரைச்சுட்டு வந்துரலாமுன்னு நெனைச்சேன். பெரியவருக்கு இனிப்பு இல்லாம எறங்காது, ரெண்டு உண்டை வெல்லம் போட்டேன். அர்த்தனாரிக்குப் புதுசா இடிச்ச தூள்ல, ரெண்டு தரம் துணியில வடிச்சு, அவரு கேக்கற பக்குவம் துளி மாறாம, வெல்லம் போடாமக் குடுத்தேன். இன்னைக்குன்னு பாத்துப் பக்குவம் தப்பிறப்படாதேன்னு, குடுக்கறதுக்கு முன்னால உள்ளங்கையில ஒரு சொட்டு உட்டு ருசி பாத்தேன். அவரு மூஞ்சிய நிமுந்து பாக்கக்கூட வெக்கம். தம்ளரை வெச்சுட்டு உள்ள ஓடிட்டேன்.

நல்ல வெல்லமாப் பாத்து எடுத்து இடிச்சு, செம்புல கரைச்சு, ஏலக்காய் கூடத் தட்டிப் போட்டேன். அந்த ஏலக்காய் தேடற நேரம்தானுங்க ஆச்சு.

செம்பைத் தூக்கிக்கிட்டு வெளிய வாரேன், பலகை காலி. பெரியவரு தம்ளரும் காலி, பித்தளைத் தம்ளரும் காலி. வெத்தலைபாக்கையும் காணோம்.

செம்பும் கையுமா நின்னேன். சந்தையே என்னைப் பாக்கற மாதிரி இருந்துச்சு. நான் இன்னும் பதிலே சொல்லலை, அதுக்குள்ள வெத்தலைய எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னா என்ன அர்த்தம்? ஏதோ மனசு மாறிருச்சு. வெளிச்சத்துல என்ற மூஞ்சியப் பாத்துருப்பாங்க. இல்லீன்னா வாயாடின்னு எவனாச்சும் வத்தி வெச்சிருப்பான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! போ, எனக்கென்ன ஆளா இல்லைன்னு வெல்லத்தண்ணிய பலா மரத்தடியில ஊத்திட்டேன். ஆளு இல்லதான். அது எனக்குத் தெரியாதா?

ஓடிப் போய்ப் பாதையில மறிச்சிருந்தா அரை மைலு தூரத்துல புடிச்சிருக்கலாம். சந்தையையே கிழிக்கற வாயி எனக்கு. அன்னைக்குன்னு பாத்து அது தொறக்கலை.

அடுத்த சந்தைக்கு அவரு வரலை. அதுக்கடுத்த சந்தைக்கும் வரலை. சித்திரை கடைசியில குழந்தைசாமி மட்டும் வந்தாரு. வந்தவரு நேரா பாய் கடையில போய் உக்காந்தாரு. எனக்குப் பொறுக்கலை. கரண்டியோட போய் நின்னேன்.

"ஏனுங் மாமா, வெத்தலைய வெச்சுட்டு எடுத்துட்டுப் போறது உங்க நாட்டுல பழக்கமுங்களா?"ன்னேன்.

அவரு என்னைத் திகைச்சுப் பாத்தாரு. "என்ன கண்ணு, நீதான் பதில் குடுத்துட்டியே. எனக்கு வெல்லம் போட்டுக் குடுத்தே, அவனுக்குச் சப்புன்னு குடுத்தே. ஒரே பலகையில ரெண்டு தம்ளரு. அதுக்கு மேல எப்படிச் சொல்லோணும்?"

"அட கெரகமே! அவரு எப்பவும் அப்படித்தானே குடிப்பாரு!"

"நானும் அதையேதான் சொன்னேன். அவன் கேக்கலை. எப்பவும் குடிக்கறது எனக்குத் தெரியாதா மாமா, இன்னைக்கு ஒரு நாளைக்கு அவளுக்கு மனசிருந்தா ஒரு கிள்ளு போட்டிருக்க மாட்டாளான்னான். கங்காணி ஆளெடுக்க வந்தான், இவன் அவங்கூட ஆனைமலைத் தோட்டத்துக்குப் போயிட்டான்."

பாய் கடை முன்னாலயே மண்ணுல உக்காந்துட்டேன். பாய் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. வெறுந்தண்ணிதான். அதைப் பாத்ததும் அழுகை வந்துருச்சு.

"சேதி சொல்லி உடுங்க மாமா"ன்னு காலைப் புடிக்காத கொறையாக் கேட்டேன். "எந்தத் தோட்டமுன்னு தெரியாது கண்ணு. வந்தான்னா சொல்றேன். பழக்கத்துக்கு விரோதம்னாலும் சொல்றேன்"னாரு. அந்த மழைக்காலத்துலயே அவரு போய்ச் சேந்துட்டாரு.

அப்புறம் சீமையில செர்மன் சண்டை வந்துச்சு. சக்கரைக்கு ரேசன் போட்டாங்க. பாய் கடையில அஸ்கா தீந்து போயி அவரே எங்கிட்ட வெல்லம் கேட்டு வந்தாரு. வெல்லமும் கெடைக்காத மாசமெல்லாம் உண்டு. எல்லாருக்கும் இல்லைன்னேன். ஆனா ஒரு உருண்டையை மட்டும் பானையில துணி சுத்தி வெச்சிருந்தேன். பழசானா மாத்தி வெப்பேன். என்னைக்காச்சும் அவரு வருவாரு. வந்தா வாயால ஒன்னும் சொல்லப்படாது, சரி. தம்ளரு சொல்லும். அஞ்சு வருசம் கழிச்சு வந்தாலும் பதில் பதில்தானுங்களே? அடுப்போட பேசறது, வெறகோட பேசறது எல்லாம் இதே பேச்சுத்தான்.

போன ஐப்பசியில வந்தாரு. சண்டை முடிஞ்ச வருசமுங்க. தலை நரைச்சிருந்துச்சு, கோட்டு ஒன்னு போட்டிருந்தாரு. ரெண்டு கடைக்கும் நடுவுல நின்னாரு. பாய், "வாங்க வாங்க"ன்னு கூப்புட வாயைத் தொறந்தவரு, என்ற மூஞ்சியப் பாத்துட்டுச் சட்டுன்னு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நல்ல மனுசன்னு சொன்னேனே.

எங்கிட்டத்தான் வந்தாரு. அதே பலகையில ஓரமா உக்காந்தாரு. "நல்லா இருக்கியா அத்தாயி?"ன்னாரு.

"இருக்கேனுங்க"ன்னேன்.

பித்தளைத் தம்ளரைப் புளி போட்டுத் தேச்சேன். உருண்டையைப் பிரிச்சு, ஒரு கிள்ளு இல்லீங்க, உருண்டை முச்சூடும் இடிச்சுப் போட்டேன். காப்பியே கெட்டியாப் போச்சு. இந்தத் தரம் உள்ள ஓடலை. அவரு முன்னாலயே நின்னேன். வெக்கத்தை விட்டு அவரு மூஞ்சியவே பாத்தேன்.

ஒரு மொடக்குக் குடிச்சாரு. நிறுத்துனாரு. தம்ளரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

அப்புறம் சிரிச்சாரு. "என்ன புள்ள, வெல்லம் போட்டுட்டே? என்ற காப்பி மறந்து போச்சா?"

கையில இருந்த கரண்டிய அடுப்பு மேல வெச்சேன்.

"அதனால என்ன, இப்ப இனிப்புத்தான் குடிக்கறேன். எம்பொஞ்சாதி பழக்கி உட்டுட்டா. கசப்புன்னா அவ அடுப்புலயே ஏத்த மாட்டா"ன்னு சொல்லிட்டு, வளையல் கடைப் பக்கம் கையக் காட்டுனாரு. செவந்த சேலையில ஒருத்தி இடுப்புல கொழந்தையோட நின்னா. "பொன்னாயி, இங்க வா, காப்பி குடிப்பே"ன்னு கூப்புட்டாரு.

வாயைத் தொறந்தேனுங்க. அன்னைக்கு ஏலக்காய் தேடிட்டு இருந்தேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அந்தப் புள்ள பக்கத்துல வந்து, "அக்கா, இவனுக்கு ஆத்திக் குடுங்க"ன்னு கொழந்தைய எங்கிட்ட நீட்டுச்சு. வாங்கிக்கிட்டேன்.

"ஆமாங்க, மறந்து போச்சு"ன்னேன்.

கொழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டே பொன்னாயிக்குக் காப்பி ஊத்தி ஆத்துனேன். வெல்லம் தீந்து போச்சுன்னேன். அவரு தன் தம்ளர்ல இருந்து பாதியை அவளுக்கு ஊத்திக் குடுத்தாரு. ரெண்டு பேரும் குடிச்சுட்டு, கொழந்தைய வாங்கிக்கிட்டு, பொழுதுக்குள்ள எறங்கோணும்னு கெளம்பிட்டாங்க.

பாய் அங்கிருந்தே, "யாரு அத்தாயி அது?"ன்னாரு. அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாரு.

"சந்தைக்கு வந்தவங்க"ன்னேன்.

ரெண்டு தம்ளரையும் கழுவ எடுத்தேன். அடியில ஒரு சொட்டு மிச்சம் வெக்காமக் குடிச்சிருந்தாங்க, ரெண்டு பேரும்.