பன்னிரண்டு பேர் போதாது

1992 ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம், மைசூர் மண்டி மொஹல்லாவில் ஆழ்வார் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலிருந்து நாற்பத்தோரு ஈயச் சிப்பாய்கள் வேலை பிடிக்கவில்லை என்று இறங்கிப் போனார்கள். ஒவ்வொருவரும் கட்டைவிரல் உயரம். அவர்கள் ஆட்டோக்களுக்கு ஒதுங்கி நின்று தெருவைக் கடந்ததையும், பஸ் நிலையத்தில் குண்டலுபேட்டை வண்டி எது என்று விசாரித்து ஏறியதையும் பலர் பார்த்தார்கள். கண்டக்டர் எல்லோரையும் ஒரே ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்தார். அவர்கள் விடைபெற்றுக்கொண்ட கன்னடம் கல்யாணப் பத்திரிகைக் கன்னடம் மாதிரி பரம மரியாதையாக இருந்தது. ஓர் அச்சகம் கழித்துப் போட்ட ஈய எழுத்துகளை உருக்கித்தான் ஆழ்வார் அவர்களை வார்த்திருந்தார். அந்த எழுத்துகள் நாற்பது வருஷம் கல்யாணப் பத்திரிகை அடித்தவை.

ஆழ்வார் மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், இன்சூரன்ஸ் ஆபீசில் சீனியர் குமாஸ்தா, வயது ஐம்பத்தொன்று. பதினெட்டு வருஷமாக ஆபீஸ் விட்டு வந்ததும் சிப்பாய் வார்த்து, மீசை எழுதி, பொத்தான் வைத்து, ஆயிரத்து முந்நூறு பேரைச் சேர்த்திருந்தார். பாதிப் பேர் சிவப்புக் கோட்டு, பாதிப் பேர் நீலம். அத்தனை பேரும் ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் நிற்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேறு ஆசைகள் அவருக்கு இருந்ததாக மனைவி ஜயம்மாவுக்கும் தெரியாது. பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம், சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் கூடத்தில் கூடிய போர்க் கழகம். ஆழ்வாரைச் சேர்த்து ஆறு பேர். கழகத்தின் விதிப்படி ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு சிப்பாய், நாலடி மேஜை. மீதிப் பேர் அலமாரியில் நின்றபடி பதினெட்டு வருஷமும் அதை வேடிக்கை பார்த்தார்கள்.

வேடிக்கை பார்க்கும்படி அதில் என்ன இருந்தது என்றால், ஒன்றும் இல்லை. பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பேரோடு மோதினால் அதற்குப் போர் என்று பெயர் இல்லை, பஸ் ஸ்டாண்டுத் தகராறு என்று பெயர். ஆனால் கழகத்தின் செயலாளர் மதன் அதை நடத்திய அழகைப் பார்த்தால் ஏதோ ராஜ்யங்கள் கைமாறுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு சிப்பாய்க்கும் பெயர், நட்சத்திரம், தனி ஃபைல். ஒருவன் ஓரடி எடுத்து வைத்தால் மதன் சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை உருவி, கண்ணாடியைத் துடைத்து, குனிந்து, அளந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லி, பிறகு நோட்டில் எழுதுவார். அரைக்கால் அங்குலத்துக்கு மூன்று வாரம் வாதாடியிருக்கிறார்கள். செத்த சிப்பாய்க்கு ஒரு நிமிஷம் மௌனம், அடுத்த சனிக்கிழமை அவனுக்கே மறுபடி உயிர். இப்படி ஒரு ஆபத்தும் இல்லாமல் வீரர்களாக இருந்தவர்கள் அந்தக் காலத்து மைசூரில் வேறு யாரும் இல்லை.

நாற்பத்தோரு பேர் போன அன்று ஜயம்மா அலமாரியை எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை பேர் கிளம்பறதா இருக்காளோ, முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்கோ" என்றாள். ஆழ்வார் கேட்டார். நிஜமான யுத்தம் ஒன்று நடந்தால் இருப்பதாகவும், இல்லாவிட்டால் தவணை முறையில் எல்லோருமே போவதாகவும் அலமாரியிலிருந்து பணிவாகப் பதில் வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. பதினெட்டு வருஷம் கண்ணில் வைத்து வளர்த்த சேனை, ஒரு தடவைகூட அணிவகுத்து நிற்காமல் குண்டலுபேட்டை பஸ்ஸில் போய்விடும் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

உடனே அவர் பிரசாரத்தில் இறங்கினார். பெரிய ஆட்டம் ஏன் ஆட வேண்டும் என்று மூன்று பக்கம் டைப் அடித்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். அதில் இடது வலது அணிகள் இருந்தன, பின்னால் காத்திருக்கும் படை இருந்தது, ஒரே தட்டில் நாற்பது பேரை நிறுத்தி ஒரே தள்ளில் நகர்த்தும் முறை இரண்டாம் பக்கத்தில் விளக்கமாக இருந்தது. கழகத்தார் பிரதியை நாலாக மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அண்டை கொடுத்தார்கள். "பெரிசா ஆடலாம் சார், வேண்டாம்னு சொல்லலே" என்றார் மதன். "ஆனா யார் எடுத்து வைக்கறது? ஆட்டம் முடிஞ்சு யார் துடைக்கறது? சும்மனே எதுக்கு சார் தொந்தரவு?" இன்னொருவர், பெரிய ஆட்டத்தில் டீ எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆயிரம் பேரைக் கண்முன்னே நிறுத்துகிறேன் என்று ஒரு மனிதன் கெஞ்சுகிறான், இவருக்கு டீ கவலை. மழை விட்டு, தசரா வந்து போய், சங்கராந்தியும் ஆயிற்று. வாரம் ஐந்து பேர், பத்துப் பேர் என்று சேனை கரைந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒப்புக்கொண்டது லீலா. பாங்கில் வேலை பார்த்த அவள்தான் கழகத்தில் ஆடத் தெரிந்த ஒரே ஆள். அதனால் அவளுக்கு ஆடும் முறை கடைசியாகத்தான் வரும். "மதன், உங்க பன்னெண்டு பேர் மூணு வருஷமா அதே வாய்க்காலைத் தாண்டறாங்க. எனக்கு அலுத்துப் போச்சு. நான் சார் பக்கம்" என்றாள். ஒரு பெண்பிள்ளை முன்னால் பயந்தவர்களாகத் தெரிய வேண்டாம் என்று மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். அவர்களுடைய வீரத்தின் மொத்த அளவு அவ்வளவுதான்.

மேஜை செய்ய மார்டள்ளியிலிருந்து குப்புசாமி என்ற தச்சர் வந்தார். கூடத்தின் நீளம் பதினாலு அடி. மேஜை இருபத்திரண்டு அடி. "ரெண்டு வாட்டி அளந்துட்டனுங்க, சரியாத்தானுங்க உக்காருது" என்று சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார். சரியாகத்தான் உட்கார்ந்தது. நடக்கவும் இடம் இருந்தது.

1993 யுகாதி முடிந்த சனிக்கிழமை யுத்தம் தொடங்கியது. அலமாரியில் மிஞ்சியிருந்த ஆயிரம் பேரும் இறங்கி, ஆழ்வாருக்குச் சிவப்பும் லீலாவுக்கு நீலமுமாக அணிவகுத்தபோது ஆழ்வார் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர்களை நகர்த்த இருபத்தைந்து தகரத் தட்டுகள் அடித்து வாங்கி வரிசையாக அடுக்கியிருந்தார். கழகத்தார் வந்து தட்டுகளைப் பார்த்தார்கள். ஏற்பாடு பிரமாதம் என்று பாராட்டிவிட்டு, ஆளுக்கொன்று எடுத்து ஜயம்மா பண்ணியிருந்த கோடுபளையையும் நிப்பட்டையும் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பிட்டுக் கை துடைத்ததும் மதன் ஸ்கேலை எடுத்தார். இடது கோடியில் நின்ற முதல் சிப்பாயிடம் குனிந்து, பெயர் கேட்டு, நட்சத்திரம் கேட்டு, ஃபைல் திறந்து, ஓரடி நகர்த்தி அளந்தார். ஆறு நிமிஷம் ஆயிற்று. பிறகு இரண்டாவது சிப்பாயிடம் போனார்.

ஆழ்வார் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சொன்னால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்தார். ஆயிரம் பேருக்குத் தளபதி, ஒரு நிப்பட்டுத் தட்டைத் திருப்பிக் கேட்கத் துணிச்சல் இல்லை. ஆளுக்கு ஆறு நிமிஷம் என்ற கணக்கில் இரண்டு சேனைகளும் முதல் அடியை எடுத்து வைக்க நாற்பது சனிக்கிழமைகள் பிடித்தன. சிப்பாய்கள் முதல் நாலு மாதம் பொறுத்தார்கள். அதன் பிறகு, அளந்து முடித்தவர்கள் நோட்டில் எழுதும்வரை மரியாதையாக நின்றுவிட்டு, மேஜைக் கால் வழியாக இறங்கிப் பஸ்ஸுக்குப் போகத் தொடங்கினார்கள். 1994 சங்கராந்திக்கு மேஜையில் மிஞ்சியவர்கள் எண்ணூற்று இருபது.

அந்த வாரம் மதனின் ஸ்கேல் நுனியில் நின்ற சிவப்புக் கோட்டு ஒருவன், அளப்பதற்குக்கூடக் காத்திராமல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவருடைய டீ டம்ளரைச் சுற்றி நடந்தான். அவன் பின்னால் ஒரு வரிசை முழுக்கத் திரும்பியது. அதைப் பார்த்ததும் ஆழ்வாருக்குள் இத்தனை வருஷத்துப் பொறுமை அறுந்தது. மதன் கையிலிருந்த ஸ்கேலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து வளைத்துக் கொல்லையில் எறிந்தார். யாரோ மடியில் வைத்திருந்த தட்டைக் கவிழ்த்துத் தூள்களைத் தட்டினார். "இது திங்கறதுக்கு இல்லடா, மடப்பசங்களா! தள்றதுக்கு!" என்று கத்தினார். தட்டை மேஜையில் வைத்ததும் அதன் மேல் நாற்பது பேர் தாங்களாகவே ஓடி வந்து ஏறினார்கள். இரண்டு கையாலும் தள்ளினார்.

நாற்பது ஜோடி பூட்ஸ் ஒன்றாக விழுந்த சத்தம் மார்க்கெட் வரை கேட்டது. மேஜையின் எதிர்க் கோடி புகையில் மறைந்தது. மாவு மில் நின்றது. தெருவில் கொசுப் புகை அடிக்கிறார்கள் என்று நினைத்து எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்தினார்கள். லீலா ஒரு வினாடி பார்த்தாள், புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தன் நீலக் கோட்டுகளைத் தட்டுத் தட்டாக இறக்கினாள். மதன் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்; கொஞ்ச நேரத்தில் அவரும் எழுந்து வந்து, கன்னத்தில் கண்ணீர் வழிய, எதையும் அளக்காமல் தள்ளினார். ஒரு மணி ஐம்பது நிமிஷம் நடந்தது. லீலா வலது பக்கமாகச் சுற்றி வந்து ஆழ்வாரின் சேனையை இரண்டாக வெட்டினாள். ஆழ்வார் தோற்றார். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

புகை கலைந்ததும் வழக்கப்படி செத்தவர்களை எடுத்து நிறுத்தப் போனார்கள். அவர்கள் நிற்கவில்லை. மதன் ஒருவனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தார்; சரிந்தான். ஆழ்வார் குனிந்து, "ஆச்சு, எழுந்திருங்கோ" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. நானூற்று முப்பத்தோரு பேர். கூடத்தில் இத்தனை சாவு கிடக்க நான் விளக்கேற்ற மாட்டேன் என்று ஜயம்மா உள்ளேயிருந்து சொன்னாள். கருவேப்பிலை மரத்தடியில் குழி வெட்டி அந்தத் தட்டுகளிலேயே சுமந்து போய்ப் புதைத்தார்கள். பிறகு ஆறு பேரும் கிணற்றடியில் வரிசையாக நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். குளிக்காமல் காபி கிடையாது என்பதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். ஈரத் தலையோடு மதன் கழகத்தின் நோட்டில் எழுதினார்: உயிர்ச் சேதம் 431, சிற்றுண்டி நிப்பட்டு.

புதன்கிழமை ஆபீஸ் போகும் வழியில் ஆழ்வார் குண்டலுபேட்டை பஸ் கண்டக்டரைப் பார்த்தார். ஓடிப்போனவர்கள் எல்லோரும் சௌக்கியம் என்று அவர் சொன்னார். சூரியகாந்தி வயல்களில் கிளி விரட்டுகிறார்கள், வெயிலில் கறுத்து நன்றாகச் சதை போட்டிருக்கிறார்கள், சிலர் தனி வீடு கட்டிக்கொண்டார்கள். ஆழ்வார் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். போனவர்களெல்லாம் உயிரோடு இருந்தார்கள். யாரையெல்லாம் போகவிடாமல் பிடித்து வைக்க அவர் அத்தனை பாடுபட்டாரோ அவர்களில் பாதிப் பேர் கருவேப்பிலை மரத்தடியில் இருந்தார்கள். அன்று அவர் ஆபீசுக்குப் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை மிச்சமிருந்த முந்நூற்று எண்பத்தொன்பது பேரும் மூன்றரை மணிக்கே மேஜையில் வரிசை கட்டி நின்றார்கள். கழகத்தாரும் முதல் தடவையாக நேரத்துக்கு வந்தார்கள்; ஒருவர் பையிலும் ஸ்கேல் இல்லை, ஒருவரும் டீ கேட்கவில்லை, கண்கள் மட்டும் பளபளத்தன. பிரசாரம் ஜெயித்துவிட்டது. ஆழ்வார் மேஜைப் பக்கம் போகவில்லை. வாசல் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து ஓரமாக நின்றுகொண்டு, குண்டலுபேட்டைக்கு ஐந்து மணிக்கு ஒரு வண்டி இருப்பதாகச் சிப்பாய்களிடம் சொன்னார். மூன்று தடவை சொன்னார். மேஜையில் ஒரு தலைகூட அவர் பக்கம் திரும்பவில்லை. வண்டி போய் வெகு நேரம் கழித்து, கொசு வருகிறது என்று ஜயம்மா வந்து கதவைச் சாத்தினாள்.