அழுக்கு வண்டி போகும் வழி

விடிவதற்கு முன்பே சலவைக்கூடத்தில் எங்களுக்கு வியர்த்துக் கொட்டிவிடும். அந்த ஆஸ்பத்திரியின் ரத்தமும் சீழும் எங்கள் கைபட்டுத்தான் வெளுக்கும். தேய்ப்பு இயந்திரத்தின் கொதிக்கும் உருளைகளுக்குள் ஈரப் படுக்கை விரிப்பை ஊட்ட ஓர் ஆள், மறுபக்கம் இழுக்க ஓர் ஆள். ஆட்குறைப்புக்குப் பிறகு இரண்டு வேலையையும் சுருட்டை ஒருத்தியே பார்த்தாள். சுருட்டை முடிக்காரி, என் பக்கத்து வீட்டுப் பெண். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

சுருங்கிய விரிப்பை நீவப் போனவளின் கையை உருளை இழுத்துக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தி, கையை விடுவித்து, துணியால் இறுகக் கட்டி, அவளை அழுக்குத் துணி வண்டியில் கிடத்தினோம்.

எதிரே நீண்ட நடைகூடம். அதன் கோடியில், முன்கூடத்துக் கண்ணாடிக் கதவைத் தாண்டினால் அவசரப் பிரிவு. நானோ, பாவி, வண்டியைப் பின்பக்கம் திருப்பினேன். அழுக்கு வண்டி முன்கூடத்தில் தெரியக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே பழக்கிய கால். கொதிகலன், குப்பைத்தொட்டி, ஜல்லி பரப்பிய முற்றம் என்று கட்டடத்தையே சுற்றினேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முனகினாள். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

அவசரப் பிரிவு வாசலில் ஆஸ்பத்திரி மேலாளர் மறித்தார்.

“காண்ட்ராக்ட் ஆளுங்கள இங்க பார்க்கிறதில்லம்மா. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.”

“அங்க போறதுக்குள்ள கை போயிடும் சார்!”

“காண்ட்ராக்டர்கிட்ட போய்க் கேளு.”

“அடிபட்டவள முதல்ல பாருங்க. யாரோட ஆளுங்கிற பஞ்சாயத்த அப்புறம் வச்சுக்கலாம்!”

உள்ளே கண்ணாடிக் கதவு திறந்தது. சலவைக்கூடமே முன்கூடம் வழியாக வந்துகொண்டிருந்தது. பளிங்குத் தரையெங்கும் ஈரக்கால் தடம். முன்னால், விரிப்புகளை மடித்து அடுக்கும் மடிப்புக்காரி, எங்களில் பெரிய வாயாடி.

“என்ன கும்பல் இது? விரிப்ப யாரு அனுப்புவா?” என்றார் மேலாளர்.

“விரிப்பு போகும் சார், ஆள் விட்டுட்டுத்தான் வந்திருக்கோம். நோயாளிங்க என்ன பாவம் பண்ணாங்க? இவள உள்ள எடுக்காம நாங்க நகர மாட்டோம்.”

பணியிலிருந்த நர்ஸ் மேலாளர் முகத்தைப் பார்க்கவேயில்லை. வந்து வண்டியின் மறுமுனையைப் பிடித்தாள். “தள்ளுங்கக்கா.”

கதவு மூடுமுன் சுருட்டை கண் திறந்தாள். “நேரா வந்திருக்கலாமேக்கா...”

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கை பிழைக்குமா, தெரியாது. நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்குமா, அதுவும் தெரியாது.

“அதான் உள்ள எடுத்தாச்சுல்ல? எல்லாரும் பின்பக்கமா போங்க,” என்றார் மேலாளர்.

பாழாய்ப்போன என் கால் ஓரடி எடுத்தும் வைத்துவிட்டது. மடிப்புக்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள். முன்கூடத்து நாற்காலிகளில், ஈர உடுப்போடு, எல்லோரும் உட்கார்ந்தோம்.