நன்றாகக் குலுக்கவும்

மருந்துப் பெட்டிக்குள் வைக்க ஜெர்மன்காரன் எழுதிய விளக்கச் சீட்டை இங்கிலீஷாக்குவது என் பிழைப்பு. ரயில் மாதிரி நீளும் அவனுடைய சொற்களைப் பிரித்து மேய்ந்துவிடுவேன், அது ஒன்றும் பெரிதில்லை. என் உயிரை வாங்குவது சாம்பல் நிற வரிகள்தான். பழைய ஆவணங்களில் ஒப்புதல் பெற்ற வரிகளை மென்பொருள் தானே கொண்டுவந்து ஒட்டி, சாம்பல் பூசிப் பூட்டிவிடும். அதில் கைவைக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

இந்த முறை குழந்தைகளுக்கான ஊசி மருந்து. தூளில் தண்ணீர் விட்டபின் குப்பியை மெதுவாகச் சுழற்றுங்கள், குலுக்காதீர்கள் என்று ஜெர்மன் தெளிவாகச் சொல்கிறது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இங்கிலீஷ்: நன்றாகக் குலுக்கவும். ஏதோ இருமல் மருந்தின் வரி. முக்கால்வாசிச் சொற்கள் ஒத்துப்போனதால் இதுவும் அதுதான் என்று மென்பொருள் ஒட்ட, எந்தப் புண்ணியவானோ ஒப்புதல் போட்டுவிட்டான்.

அக்கா குழந்தைகள் வார்டில் நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், சமையலறையில் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"குலுக்கினா நுரை பொங்கிடும்டி. நுரையோட ஊசியில இழுத்தா பாதி மருந்துதான் உள்ள போகும். புது மருந்துன்னா நாங்க சீட்டைப் பார்த்துதான் கலக்குவோம்," என்றாள்.

மொழிபெயர்ப்பு ஏஜென்சியில் எனக்கு வேலை பிரித்துத் தருகிற பெண் எதற்கும் 'நோட்டட்' என்பாள். எங்கள் வீட்டில் அவளுக்கு அதுவே பெயர். மெயில் போட்டேன். நோட்டட் என்று வந்தது. போன் செய்தேன். பூட்டைத் திறக்கக் கலைச்சொல் குழு கூட வேண்டுமாம், குழுவில் பாதிப் பேர் லீவாம், மருந்துக் கம்பெனியிடம் சொல்லிப் பார்க்கிறாளாம். தலையால் தண்ணீர் குடித்து, படம் வரைந்து விளக்கி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் குஷியாகக் கூப்பிட்டாள். கம்பெனியில் சரிசெய்துவிட்டார்களாம், இப்போது இரண்டு மொழியும் ஒத்துப்போகிறதாம். திறந்து பார்த்தேன். இங்கிலீஷ் அப்படியே இருந்தது. ஜெர்மனைத் திருத்தியிருந்தார்கள். பூட்டாத பக்கம் அதுதானே.

வந்த ஆத்திரத்தில் மௌஸைச் சுவரில் எறிந்திருப்பேன். என் காசில் வாங்கியது என்பதால் கீழே வைத்தேன்.

"நான் இதை முடிச்சுத் தர மாட்டேன்," என்றேன்.

"அப்போ வேற ஆள்கிட்ட மாத்திடுறேன்மா. இனிமே உங்களுக்கு வேலை அனுப்ப முடியாது."

"நோட்டட்," என்று வைத்துவிட்டேன்.

சீட்டின் அடியில், பக்கவிளைவு இருந்தால் தெரிவிக்கச் சொல்லி ஒரு முகவரி இருக்கும். அங்கே போவதைக் கம்பெனியில் யாராவது படித்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. எத்தனையோ சீட்டுகளில் அந்த முகவரியை மொழிபெயர்த்திருக்கிறேன், ஒரு நாளும் எழுதியதில்லை. இன்ன மருந்து, குழந்தைகளுக்கு ஆபத்து, உடனே கூப்பிடுங்கள் என்று ஜெர்மனிலேயே எழுதினேன்.

மாலைக்குள் கம்பெனியின் மருந்துப் பாதுகாப்பு டாக்டர் ஒருவர் கூப்பிட்டார். மூச்சு விடாமல் ஜெர்மனில் கேள்விகளை அடுக்கினார். எந்தக் குழந்தை, என்ன வயது, இப்போது எப்படி இருக்கிறது.

"இன்னும் எந்தக் குழந்தைக்கும் ஒண்ணும் ஆகலைங்க," என்றேன் அவர் மொழியில். "ஆகக்கூடாதுன்னுதான் எழுதினேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகத் திரும்பக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்புறம் யாரையோ கூப்பிட்டுச் சீட்டின் அச்சை நிறுத்தச் சொல்லும் குரல் கேட்டது. வேலை போன துக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. அக்கா வீடு திரும்பும்வரை அழுதேன்.