கறுப்புத் துணிக்குள் செம்பருத்தி

வேல்விழிக்கு அழுகை வரவில்லை. புருஷன் முனீஸ் மார்வலியில் போய்ச் சேர்ந்து முப்பத்தாறு நாள் ஆகிவிட்டது. ஊர்ச் சனமெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோதும் இவள் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தாள். கல்நெஞ்சக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும். வராத அழுகையைக் கடையிலா வாங்க முடியும்?

சொந்த ஊரில் காரியமெல்லாம் முடித்துவிட்டு, வேலை பார்க்கும் திருப்பூருக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு: மொட்டைமாடியில் முனீஸ் வைத்த செம்பருத்தி பிழைத்திருக்க வேண்டும். பெயின்ட் வாளியில் குச்சியாக நட்டு, மூன்று வருஷமாக அதன் பக்கத்தில் நின்றுதான் அவன் தினமும் பல் தேய்த்தான். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அவன் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

ஊருக்குக் கிளம்பும்போதே அதைப் பத்திரம் பண்ணிவிட்டுத்தான் போயிருந்தாள். பனியன் கம்பெனியில் அவளுக்குத் துணி செக்கிங் வேலை. சாயத்துணி வெயில் பட்டால் வெளுத்துவிடும், மூடி வை என்று பதினோரு வருஷம் சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கியவள். அடிக்கிற வெயிலில் செடியின் பச்சையும் வெளுத்துவிடுமே என்று, ரிஜெக்ட் ஆன கறுப்புத் துணி ஒன்றை அதன் மேல் போர்த்தி அடியில் கட்டினாள். கீழ் வீட்டு விஜயகுமாரியிடம் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொன்னாள்.

காலையில் வந்து இறங்கியவள் பையைக்கூட வைக்காமல் மாடியேறிக் கட்டை அவிழ்த்து, துணியைப் பாதி தூக்கிப் பார்த்தாள். உள்ளே இலையெல்லாம் பழுத்துக் கொட்டிக் கிடந்தது. மிச்சமிருந்த நாலைந்தும் வெளிறிப்போய், தொட்டதும் உதிர்ந்தன. சரி, இதுவும் போச்சு என்று நின்றாள். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

விஜயகுமாரி குடத்தோடு வந்தாள். மடத்துக்குளத்தில் தோட்டவேலை பார்த்து வளர்ந்தவள்.

"அட கண்ணு, மூடுனது ஏதோ சாங்கியமாக்கும்னு நான் தொடாமத் தண்ணி ஊத்திட்டிருந்தனே!"

"வெயில்ல கலர் போயிரும்னு மூடுனேன்க்கா."

"அய்யோ சாமி! அந்தப் பச்சைதானுங்க வெயிலைப் புடிக்குது. வேர் குடுக்கற தண்ணியையும், நாம உடற மூச்சுக்காத்தையும் சேத்தி, அந்த வெயில்லதான் இலை தனக்குச் சோறாக்குது. அதைத் தின்னுதான் குச்சியே தடிக்குது. இருட்டுல எங்கீங்க அடுப்பெரியும்?"

வேல்விழி துணியை முழுசாக உருவினாள். பின்பக்கம் ஓரிடத்தில் மாட்டி இழுத்தது. குனிந்து பார்த்தாள். துணியில் ஒரு ஓட்டை. செக்கிங்கில் அவளே சாக்பீஸால் வட்டம் போட்டுக் கழித்துத் தள்ளிய ஓட்டைதான். அது வழியாக ஒரு கொழுந்து வெளியே வந்து, நாலு இலை விட்டு நின்றது. நாலும் கரும்பச்சை.

"பொழைச்சுக்குமுங்க," என்றாள் விஜயகுமாரி.

வேல்விழி குச்சியின் அடியைப் பிடித்தாள். கட்டைவிரல் தடிமன் இருந்தது.

"ஏக்கா, நாம விடுற மூச்சுன்னா... அவுக விட்ட மூச்சும் இதுல இருக்குமா?"

"மூணு வருசம் இதோட மூஞ்சிக்கு நேரா நின்னவராச்சே. இல்லாம எங்கீங்க போகும்?"

வேல்விழி வாளியருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊரே கூடி அழுதபோது வராத அழுகை இப்போது குபீரென்று வந்தது. பிடித்த குச்சியை விடவில்லை, வாயைப் பொத்தவுமில்லை. தன் மூச்சு அந்த நாலு இலை மேலே படட்டும் என்று முகத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டே அழுதாள்.